காற்றுச் சீலை (air seal) உறிஞ்சிப் படியவைக்க எந்தப் பம்பு? எங்கள் மோட்டார் ஹோமுக்காகச் செய்த ஒப்பீடு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டிய இரவில், திருவொற்றியூரில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துச்சென்று, மேட்டில் நிறுத்தியிருந்த மோட்டார் ஹோமில், அதாவது தங்கிப் பயணிக்கும் எங்கள் வண்டியில், படுக்கவைத்தோம். பக்கவாட்டில் வெளியே நீளும் ஸ்லைடு அவுட் அறைக்குள்தான் அவருடைய கட்டில் இருக்கிறது. நள்ளிரவு தாண்டியதும் தலைமாட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழத் தொடங்கியது. "நான் நகர்ந்து படுத்துக்கொள்கிறேன், நீ போய்த் தூங்கு" என்றார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

மழை விட்ட பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன். அறையைச் சுற்றி ஓடும் காற்றுச் சீல், பின்பக்க மேல் மூலையில் இரண்டு அங்குல நீளத்துக்குக் கிழிந்திருந்தது. பழுதுக்குக் காரணம் மழை அல்ல. ஒன்றரை ஆண்டாக அறையை நீட்டும்போதும் இழுக்கும்போதும் அந்த மூலை உராய்ந்து உராய்ந்து தேய்ந்திருக்கிறது. சீல் முழுவதும் படிவதற்கு முன்பே நாங்கள் அறையை நகர்த்திவந்திருக்கிறோம். கிழிந்த சீலை மாற்றிவிட்டு, அதைக் காற்று உறிஞ்சிப் படியவைக்கும் ஏற்பாட்டுக்காக இரண்டு மாதம் அலைந்தேன். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை, இதே முடிவை எடுக்க வேண்டியவர்களுக்காக எழுதுகிறேன்.

காற்றுச் சீலைப் பார்த்திராதவர்களுக்கு முதலில் சில வரிகள். சைக்கிள் டியூப்பைப் போன்ற ஒரு ரப்பர்க் குழாய், வண்டியின் சுவரில் வெட்டிய திறப்பின் நான்கு பக்கமும் ஓடுகிறது. அறையை நீட்டி நிறுத்திய பிறகு அதில் காற்றை நிரப்பினால், புடைத்துக்கொண்டு அறையின் சுவரை அழுத்திப் பிடிக்கும். தண்ணீரும் தூசியும் சத்தமும் உள்ளே வராது. அறையை நகர்த்த வேண்டுமானால் காற்றை வெளியேற்றி, சீலை அதன் பள்ளத்துக்குள் படியவிட வேண்டும். இந்த முறை வளர்ந்தது அமெரிக்காவில். அயோவா மாநிலத்தின் மாஸ்கோ என்ற சிற்றூரைச் சேர்ந்த எச்.டபிள்யூ.எச். நிறுவனம் இத்தகைய காற்றுச் சீல்களைச் செய்கிறது. டெக்சாஸின் நகடோச்சஸில் கட்டப்படும் ஃபோர்ட்ராவல் வண்டிகளில் அவை பொருத்தப்பட்டிருக்கின்றன. எங்கள் வண்டி அந்த வகை அல்ல. பஸ் சேசிஸ் மீது உள்ளூரில் கட்டியது. கட்டியவர்கள் சீலை மட்டும் அதே பாணியில் வைத்தார்கள். காற்றை வெளியேற்ற ஒரு வால்வு வைத்ததோடு நிறுத்திக்கொண்டார்கள்.

எந்த வழியையும் ஒப்பிடும் முன் சீலுக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நான் சந்தித்தவர்களில் ஒருவர்கூட இதைச் செய்யவில்லை. எங்கள் திறப்பு 4 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். சுற்றளவு 12 மீட்டர். புடைத்த சீலின் உள்வெட்டு சுமார் 7 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் கிட்டத்தட்ட 8.4 லிட்டர். நாங்கள் வைக்கும் அழுத்தம் அரை பார்தான், அதாவது 7 பி.எஸ்.ஐ.யை விடச் சற்று அதிகம். வால்வைத் திறந்ததும் அந்தக் கூடுதல் அழுத்தம் பத்து விநாடியில் தானாகப் போய்விடும். மீதி 8 லிட்டர் காற்று சீலுக்குள்ளேயே சும்மா நிற்கும். ரப்பர் புடைத்த வடிவத்துக்குப் பழகிவிட்டிருப்பதால் தானாக அதை வெளியே தள்ளாது. பம்பு இழுக்க வேண்டியது அந்த 8 லிட்டரைத்தான்.

அடுத்து, எவ்வளவு ஆழமான வெற்றிடம் வேண்டும்? நான் மணலியில் ஒரு தொழிற்சாலையில் 22 ஆண்டுகள் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக வேலை பார்த்தவன். அளந்து பார்க்காமல் எதையும் நம்புவது என் வழக்கம் அல்ல. புதுச் சீலில் ஓர் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தேன். வளிமண்டல அழுத்தத்துக்குக் கீழே 0.2 பார் போனபோதே நான்கு பக்கமும் சீல் பள்ளத்துக்குள் படிந்துவிட்டது. முழு வெற்றிடம் என்பது கிட்டத்தட்ட 1 பார், பாதரசக் கணக்கில் 760 மில்லிமீட்டர். நமக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். எனவே எவ்வளவு ஆழமாக உறிஞ்சுகிறது என்பதை விட, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் இழுக்கிறது என்பதே முக்கியம். பாரிமுனையில் செம்புதாஸ் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் கடை கடையாக ஏறி இறங்கியபோது, எல்லோரும் ஆழத்தைச் சொல்லியே பம்பை விற்கப் பார்த்தார்கள். லிட்டர் கணக்கைக் கேட்டபோது இரண்டு பேர் மட்டுமே பெட்டியைத் திருப்பி லேபிளைப் படித்தார்கள்.

இனி வழிகளுக்கு வருகிறேன்.

பம்பே வேண்டாம், வால்வைத் திறந்துவிட்டுப் பொறுமையாக இருந்தால் போதும் என்பது முதல் வழி. எங்களிடம் இருந்தது இதுதான். சீல் புதிதாக இருக்கும்வரை, அதுவும் தானே சுருங்கும் வடிவத்தில் வார்த்த சீலாக இருந்தால், இது வேலை செய்யும். ஆனால் படிந்துவிட்டதா இல்லையா என்று வண்டிக்குள் இருப்பவருக்குத் தெரியாது. பார்க்க வேண்டுமானால் வெளியே இறங்கி, ஏணி வைத்து, மேல் மூலையில் டார்ச் அடிக்க வேண்டும். மழையில் யாரும் அதைச் செய்வதில்லை. நாங்களும் செய்யவில்லை. கிழிந்த சீலையும் நனைந்த மெத்தையையும் கணக்கில் சேர்த்தால், செலவே இல்லாத இந்த வழிதான் எங்களுக்கு மிக அதிகச் செலவு வைத்தது.

ஏ.சி. மெக்கானிக்குகள் வைத்திருக்கும் எண்ணெய் வாக்குவம் பம்பை ஒருவர் பரிந்துரைத்தார். வேண்டாம். அது மிக ஆழமான வெற்றிடத்துக்காகச் செய்தது, வீட்டு மின்சாரத்தில் ஓடுவது. ஈரக் காற்றை இழுத்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் மோர் போல வெளுத்துவிடும். வண்டி குலுங்கினால் எண்ணெய் சிந்தும்.

கார்களில் பிரேக் பூஸ்டருக்காக வரும் மின்சார வாக்குவம் பம்பு இன்னொரு வழி. பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது. வேகமாக இழுக்கிறது, ஆழமாகவும் இழுக்கிறது. பெரும்பாலானவை 12 வோல்ட்டில் ஓடுபவை. எங்கள் பஸ் சேசிஸில் 24 வோல்ட் என்பதால் இடையில் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும், அதுவும் கணிசமான ஆம்பியரைத் தாங்குவதாக. பட்டறையில் ஒன்றை ஓட்டிப் பார்த்தோம். அம்மா தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்க முடியாத சத்தம். அவசரத்துக்கு மோசமில்லை. நிரந்தரமாக வைக்க என் மனம் ஒப்பவில்லை.

கடைசியில் போட்டி இரண்டே வழிகளுக்கு இடையில் என்று ஆனது. பஸ்ஸின் ஏர் பிரேக்குக்கான அழுத்தக் காற்றில் ஓடும் எஜெக்டர் ஒன்று, சிறிய டயாஃப்ரம் பம்பு இன்னொன்று. மாதவரத்தில் எங்கள் வண்டியைப் பார்த்துக்கொள்ளும் பட்டறை அண்ணன் எஜெக்டர் பக்கம். "ஓடும் பாகமே இல்லாத பொருள் எப்படிக் கெடும், தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

எஜெக்டர் என்பது கட்டைவிரல் அளவுள்ள ஒரு துண்டு. அழுத்தக் காற்று ஒரு நுண்துளை வழியாகச் சீறிப் பாயும்போது பக்கத்தில் இருக்கும் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மணலியில் கச்சா எண்ணெயை வெற்றிடத்தில் காய்ச்சி வடிக்கும் கோபுரங்களில் நீராவி எஜெக்டர்களாக வேலை செய்வதும் இதே தத்துவம்தான். அவை ஆண்டுக்கணக்கில் ஓடுவதைப் பார்த்தவன் நான். தண்ணீர் கலந்த காற்று வந்தாலும் கவலை இல்லை. கடல்காற்று உப்பு அரிக்க மோட்டார் இல்லை, பிரஷ் இல்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே குலுங்கிக்கொண்டு போகும் வண்டிக்கு இவையெல்லாம் சின்ன நன்மைகள் அல்ல.

காற்றுச் செலவில்தான் சிக்கல் வந்தது. 1 மில்லிமீட்டர் துளையுள்ள எஜெக்டர், 5 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் 50 லிட்டர் காற்றைக் குடிக்கும். சீலைப் படியவைக்க அரை நிமிடம் என்றால் 25 லிட்டர். எங்கள் துணைக் காற்று டேங்க் 20 லிட்டர் கொள்ளளவு கொண்டது. அழுத்தம் 1.25 பார் இறங்கும். இது தாங்கக்கூடியதுதான். ஆனால் அறை நகர்ந்து முடியும்வரை, இன்னும் 40 விநாடி, சீல் படிந்தே இருக்க வேண்டும். உறிஞ்சும் குழாயில், காற்றை ஒரே திசையில் மட்டும் விடும் 'நான்-ரிட்டர்ன்' வால்வு இல்லாவிட்டால் எஜெக்டர் அவ்வளவு நேரமும் ஓட வேண்டும். அப்போது மொத்தச் சரிவு 3 பாரை நெருங்கிவிடும். டேங்க் 8 பாரில் தொடங்கினாலும் முடிக்கும்போது எஜெக்டருக்கு வேண்டிய 5 பார்தான் மிஞ்சும், இன்னொரு முறைக்குப் போதாது. இஞ்சினை ஓடவிட்டால் கம்ப்ரசர் ஈடுகொடுக்கும். இஞ்சின் நின்றிருந்தால் டேங்கை மறுபடி நிரப்ப வழியே இல்லை.

இங்கேதான் எங்கள் பயணங்களை நினைத்துப் பார்த்தேன். ஆடி மாதம் அம்மாவைப் பெரியபாளையத்துக்கு அழைத்துப்போகிறோம். வண்டியைச் சுற்றித் தரையில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாகப் படுத்திருப்பார்கள். விடியற்காலை நாலரை மணிக்கு அறையை உள்ளே இழுக்க டீசல் இஞ்சினைக் கிளப்பி, டேங்க் நிரம்பும்வரை புகையவிட்டு, அதற்கு மேல் எஜெக்டரின் சீறலையும் கேட்கவைப்பதா? பக்கத்தில் குழந்தைகள் தூங்குகிறார்கள். இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. "உங்கள் வண்டி ராத்திரி நிற்கிற வண்டி. நான் பார்க்கிறவை எல்லாம் ஓடுகிற வண்டிகள்" என்றார்.

பாதுகாப்பும் இருக்கிறது. எஜெக்டரைத் தேர்ந்தெடுப்பவர்கள் காற்றை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதில் மிகுந்த கவனமாக இருக்க வேண்டும். பிரேக் டேங்கில் நேராக ஒரு 'டி' இணைப்புப் போட்டு எடுப்பதைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன். சீலில் சின்ன ஓட்டை விழுந்தால் பிரேக் காற்று அதன் வழியே கசிந்துகொண்டே இருக்கும். பிரேக் சுற்றுகளைத் தனித்தனியே காக்கும் பாதுகாப்பு வால்வுக்குப் பின்னால் வரும் துணைச் சுற்றிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

டயாஃப்ரம் பம்பு எல்லாவற்றிலும் சிறந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு ரப்பர்த் தகடு மேலும் கீழும் அசைந்து காற்றை இழுத்துத் தள்ளுவதுதான் அதன் வேலை. நாங்கள் வாங்கியது 24 வோல்ட், நிமிடத்துக்கு 12 லிட்டர், 2 ஆம்பியருக்குக் குறைவு. வால்வு திறந்த பத்து விநாடிக்குப் பிறகு சீல் முழுவதும் படிய 55 விநாடி எடுக்கிறது. எஜெக்டரை விட மெதுவானது. தண்ணீர் உள்ளே போனால் அதன் மெல்லிய வால்வுகள் ஒட்டிக்கொள்ளும். பிரஷ் மோட்டார் ஒரு நாள் தேயும். இவை உண்மையான குறைகள்தான். ஆனால் இஞ்சின் நின்றிருக்கும்போது பேட்டரியில் ஓடுகிறது. பக்கத்தில் பேசிக்கொண்டிருப்பவர்களின் பேச்சு நிற்பதில்லை.

என்னை இதன் பக்கம் முழுவதும் திருப்பியது இன்னொரு விஷயம். சீலுக்கு வேண்டிய அழுத்தம் அரை பார்தான். நல்ல டயாஃப்ரம் பம்பின் தள்ளும் வாய் அந்த அழுத்தத்தைத் தாராளமாகக் கொடுக்கும். அதாவது உறிஞ்சும் அதே பம்பு, இரண்டு வால்வுகளை மாற்றினால், நிரப்பவும் செய்யும். இப்போது எங்கள் சீலுக்கும் பிரேக் காற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நிரம்ப ஒன்றரை நிமிடம் ஆகிறது. வாங்கும்போது உறிஞ்சும் திறன், தள்ளும் திறன் இரண்டும் லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் செய்த பம்புகளும் கடையில் இருக்கின்றன.

பொருத்தும்போது பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். முதலில் வாங்கிய சோலினாய்டு வால்வுகள், அதாவது மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வுகள், சொடுக்கின, ஆனால் திறக்கவில்லை. ஒரு நாள் முழுவதும் வயரிங்கைச் சந்தேகித்தோம். பிறகுதான் புரிந்தது. அவை பைலட் வகை. குழாயில் ஒன்றரை, இரண்டு பார் அழுத்தம் இருந்தால்தான் அந்தக் காற்றின் உதவியோடு திறக்கும். நம் குழாயில் இருப்பது அரை பார், இல்லையென்றால் வெற்றிடம். எனவே நேரடியாக இயங்கும் வகைதான் வேண்டும். கடையில் 'ஜீரோ பார் வால்வு' என்று கேட்டால் கொடுக்கிறார்கள். இந்த விஷயத்தில் நான் தவறியிருக்கக் கூடாது. தொழிற்சாலையில் இதே வால்வுகளோடு காலம் தள்ளியவன்.

பம்பை வண்டியின் அடிப்பெட்டியில் வைக்கலாம் என்று அண்ணன் சொன்னார், நான் ஒப்புக்கொள்ளவில்லை. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குவதைப் பார்த்த எவரும் மின்சாரப் பொருளைத் தரைக்குப் பக்கத்தில் வைக்க மாட்டார்கள். உள்ளே, அலமாரிக்கு அடியில், ரப்பர்க் கால்கள் போட்டு வைத்தோம். சீலிலிருந்து வரும் குழாய் முதலில் கீழே இறங்கி, ஒரு கண்ணாடிக் கிண்ணமுள்ள நீர்ப்பிடிப்பானைத் தொட்டு, பிறகு மேலேறிப் பம்புக்குப் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒரு முறை அந்தக் கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டித் தண்ணீராவது இருக்கும். அவ்வளவும் பம்புக்குள் போயிருக்க வேண்டிய தண்ணீர்.

வெயிலுக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். காலையில் 25 டிகிரியில் அரை பார் நிரப்பிய சீல், வெயிலில் 45 டிகிரிக்குச் சூடானால் 0.6 பாருக்கு ஏறும். அதிகமானதைத் தானே வெளிவிடும் வால்வு ஒன்று இருந்தால் சீலின் ஒட்டுகளுக்கு நல்லது.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் வாக்குவம் சுவிட்சை விட்டுவிடாதீர்கள். எங்களுடையது 0.2 பார் உறிஞ்சலில் மின்சுற்றை இணைக்கிறது. அது இணைக்காதவரை அறையின் மோட்டாருக்கு மின்சாரமே போகாது. இது இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல பம்பு வைத்தாலும் அவசரத்தில் ஒருவர் பொத்தானை அழுத்திவிடுவார், அதே மூலை மறுபடியும் கிழியும். பம்புக்குப் பணம் போதவில்லையென்றால் மலிவான பம்பை வாங்குங்கள், சுவிட்சை வாங்குங்கள். நான் வைத்த பம்பு, வால்வுகள், சுவிட்ச், குழாய் எல்லாம் சேர்ந்தும் ஒரு பஸ் டயரின் விலைக்குள் அடங்கிவிட்டன.

இன்னும் வண்டி கட்டாதவர்களுக்கு என் யோசனை வேறு. காற்றுச் சீலே வேண்டாம். வெளிப்பக்கம் உருளை ரப்பரும் துடைப்பு ரப்பரும் வைத்துக் கட்டினால் பம்பும் இல்லை, வால்வும் இல்லை. அதற்கு அறையின் விளிம்பில் அகலமான சட்டம் வேண்டும். கட்டும்போதே வைத்தால் சுலபம். கட்டிய வண்டியில் வைப்பது சுவரையே பிரித்து வெல்டிங் செய்யும் வேலை. நாங்கள் அதை விசாரித்துவிட்டுக் கைவிட்டோம். கட்டுமானத்தை மாற்றுவதாக இருந்தால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும் பார்க்க வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதை அது தடுக்கிறது. நாள் முழுவதும் இஞ்சின் ஓடும் வண்டி, உதாரணமாகப் படப்பிடிப்புக்கோ கண்காட்சிக்கோ வாடகைக்குப் போகும் வண்டி என்றால், அண்ணன் சொன்ன எஜெக்டரையே நானும் சொல்வேன். 'நான்-ரிட்டர்ன்' வால்வோடு.

பம்பு வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? பிரேக் வேலைக்கு மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கை வாக்குவம் பம்பு ஒன்றைக் கருவிப்பெட்டியில் வைத்திருக்கிறேன். ஒரு இழுப்புக்கு 25 மில்லி என்று வைத்தால் 8 லிட்டருக்கு முந்நூறு இழுப்புக்கு மேல் ஆகும். கை வலிக்கும், ஆனால் அறையை உள்ளே இழுத்துவிட்டு வீட்டுக்கு வரலாம். அதற்காகக் குழாயில் ஒரு தனி முனையை மூடி போட்டு வைத்திருக்கிறேன்.

நிரம்பியிருக்கும் சீல் 0.35 பாருக்கு இறங்கினால் பம்பு தானாக ஓடி நிரப்பும்படி ஓர் அழுத்தச் சுவிட்சும் வைத்தோம். எங்காவது கசிவு தொடங்கினால் பம்பு அடிக்கடி ஓடும். அதைக் கவனித்துச் சொல்பவர் அம்மாதான். அலமாரிக்குப் பக்கத்தில் படுத்திருப்பதால் இரவில் எத்தனை முறை அது முனகியது என்று காலையில் காபி கொடுக்கும்போது சொல்லிவிடுவார். போன ஐப்பசி மழையில் ஒரு வாரம் முழுவதும் கணக்கு ஒன்றுதான், விடியற்காலைக் குளிரில். நடுவில் ஒரு நாள் மட்டும் நான்கு என்றார். ஏணி வைத்து ஏறிச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். மேல் மூலையில் குழாயை இணைக்கும் ஒரு புஷ் ஃபிட்டிங் தளர்ந்திருந்தது.